தீர்மானம் நிறைவேறியது... பள்ளம் நிறையவில்லை!

சம்பள ஸ்லிப்பை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? மாட்டீர்கள். கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் ஓடும். கையில் எவ்வளவு? அதோடு சரி, மடித்துப் பர்ஸில் வைத்துவிடுவோம்.

அடுத்த தடவை நடுவில் கொஞ்சம் பாருங்கள். 'பி.டி.' என்று ஒரு பிடித்தம் இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வெட்டுவார்கள். சில கம்பெனிகளில் மாசாமாசம் 208 ரூபாய். என் ஆபீஸ் நண்பன் ஒருவன், ஸ்கூலில் பந்தைக் கொடுத்து கிரவுண்டுக்கு விரட்டுவார்களே, அந்த பி.டி. பீரியடுக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்!

அது தொழில் வரி ஸார். எவ்வளவு பெரிய சம்பளக்காரராக இருந்தாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 276-ஆவது பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பணம் கோட்டைக்கும் போவதில்லை, டெல்லிக்கும் போவதில்லை. உள்ளூர் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போகிறது.

"நான் வாடகை வீட்டுக்காரன். வீட்டு வரி ஹவுஸ் ஓனர் கட்டறார். கார்ப்பரேஷனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிற ஜாதிதான் நானும். ஒரு சிமென்ட் ஸ்லாப் உடைகிற வரைக்கும்.

ஒரு ஸ்லாப்பின் கதை

ஊர்ப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 2024-ல் 25 ஆனது. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். (ராத்திரி அதே தெரு வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போகணும்!)

எங்கள் தெருக்கோடியில், ரேஷன் கடை தாண்டி, மழைநீர்க் கால்வாய் மேலிருந்த மூடி ஒன்று உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. அகலம் இரண்டடி, நீளம் மூணடி. யாரோ புண்ணியவான் அதில் ஒரு முருங்கைக் கிளையைச் செருகி, நுனியில் பழைய சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். நம்ம ஊர் எச்சரிக்கைப் பலகை.

2023 நவம்பர். பேய் மழை. தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. முருங்கைக் கிளை மிதந்து போய்விட்டது. இஸ்திரிக்கார அண்ணன் மகன், ஆறாவது படிக்கிறவன், டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்திருக்கிறான். முன்சக்கரம் இறங்கியது. பையன் தலைகுப்புற விழுந்தான். பின்னாலேயே வந்த பால்காரர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் மணிக்கட்டு எலும்போடு போயிற்று. இழுக்காமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மறுநாள் மனு எழுதினேன். ரசீது கொடுத்தார்கள். இன்னொரு மனு. இன்னொரு ரசீது. மூணாவது மனுவுக்கு, "ஏற்கெனவே கொடுத்திருக்கீங்களே ஸார்" என்றார்கள். அதுக்கும் ரசீது.

கவுன்சிலர் ஒரு அம்மா. போன் போட்டால் எடுப்பது அவர் வீட்டுக்காரர். "பாத்துக்கலாம் தம்பி... சொல்லிடறேன்... ஆயிடும்." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவரிடமே சொல்லிச் சொல்லி ஏழு மாசம் ஓட்டினேன்.

கேலரியில் ஒரு நாள்

2024 ஜூனில் போன். "தம்பி, உங்க தெருக் கால்வாய் கவுன்சில்ல வருது. வேணும்னா வந்து பாருங்க."

ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மன்றக் கூட்டம் என்றால் மைக் பறக்கும், வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், வெளிநடப்பு நடக்கும் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால்... ஏமாற்றம்! ஒருத்தர் கொசு பற்றிப் பேசினார். ஒருத்தர் தெருநாய் பற்றி. இன்னொருவர் தன் கட்சித் தலைவரை நாலு நிமிஷம் வாழ்த்திவிட்டு, தன் வார்டு குடிநீரைப் பற்றி அரை நிமிஷம் பேசினார். மணியடித்து உட்கார வைத்தார்கள்.

அப்புறம் தீர்மானங்கள். அறுபத்துச் சொச்சம் பொருட்கள். ஒவ்வொன்றாக எழுந்து விவாதிப்பார்கள் என்று நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் டீ நீட்டினார். வாங்கித் திரும்புவதற்குள் மேஜை தட்டும் சத்தம். எல்லாம் பாஸ்! என் தெருவும் அதில் ஒன்று. எத்தனை லட்சம், எந்தப் பக்கம், எத்தனை அடி... ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

எனக்கென்ன, பாஸாயிற்று இல்லையா? நேராக இஸ்திரி வண்டிக்கு வந்து, "அண்ணே, முடிஞ்சுது! கவுன்சில்லயே பாஸ் பண்ணிட்டாங்க" என்றேன். அவர் பெட்டியில் கரி ஊதிக்கொண்டே, "நல்லது தம்பி" என்றார்.

ஆகஸ்டில் ஜல்லி வந்தது. மணல் வந்தது. ஆட்கள் வந்தார்கள். பிள்ளையார் கோயிலில் ஆரம்பித்துப் புதுக் கால்வாய், புது மூடி. அருமையான வேலை. ரேஷன் கடை வாசல் வரை வந்து நின்றது. நின்றது என்றால், நின்றே விட்டது. எங்கள் பள்ளம் அங்கிருந்து பதினோரு அடி.

எஸ்டிமேட் ரகசியம்

உதவிப் பொறியாளரைத் தேடிப் போனேன். மேஜை மேல் பைல் மலை. நடுவில் ஒரு மனிதர்.

"ஸார், இன்னும் பதினோரு அடிதான்..."

"எஸ்டிமேட்ல ரேஷன் கடை வரைக்கும்தான் ஸார் இருக்கு."

"கவுன்சில்லயே பாஸ் பண்ணியிருக்காங்களே?"

"கவுன்சில் பாஸ் பண்ணதே இந்த எஸ்டிமேட்டைத்தான் ஸார்!"

எனக்கு வாயடைத்துவிட்டது. மனிதர் கோபப்படவில்லை. பழைய டெண்டர் நோட்டீஸின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு விளக்கினார். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

முதலில், வார்டில் என்னென்ன வேலை வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் இடம் பிடித்தால், பொறியாளர் நேரில் வந்து டேப் பிடித்து அளப்பார். எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, அரசின் விலைப்பட்டியல்படி என்ன ரேட், மேலே ஜி.எஸ்.டி. எவ்வளவு... இதுதான் எஸ்டிமேட். மேலதிகாரிகள் அதைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப அனுமதி கொடுப்பார்கள். பிறகு பணத்துக்கான நிர்வாக அனுமதி. தொகை சின்னதென்றால் ஆணையர் அளவிலேயே முடியும். பெரிசானால் குழு, மன்றம். ரொம்பப் பெரிசானால் அரசாங்கம் வரைக்கும் போகும். அதன் பிறகு டெண்டர், வேலை உத்தரவு, வேலை. கடைசியில் அளவுப் புத்தகத்தில் பதிந்து (அவர்கள் பாஷையில் 'எம் புக்') பில்.

"டெண்டர் விட்டப்புறம் பதினோரு அடி சேர்த்தா அது எக்ஸ்ட்ரா அயிட்டம். அதுக்குத் தனி அனுமதி வேணும். இல்லேன்னா ஆடிட் அப்ஜெக்‌ஷன். நான் ரிட்டயர் ஆகறப்ப பென்ஷன்ல வந்து நிக்கும்."

ஆடிட் அப்ஜெக்‌ஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் பி.காம். ரத்தம் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டது. "அப்ப நான் எப்ப வந்திருக்கணும் ஸார்?"

"போன நவம்பர், டிசம்பர்ல. பட்ஜெட்டுக்காக வார்டு லிஸ்ட் எழுதுற நேரம். அப்ப வந்து எங்கிட்ட 'ரேஷன் கடை தாண்டி'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் ரெண்டு வார்த்தை எழுதியிருப்பேன்."

நான் மனு கொடுத்ததும் அதே நவம்பர்தான். கொடுத்த இடம்தான் வேறு. என் மனு புகார்ப் பிரிவில் ரசீதோடு தூங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மேஜையில் எங்கள் தெருவின் தலையெழுத்து எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மன்றம் மேஜை தட்டிய நாளில் முடிவாக எதுவுமே மிச்சம் இல்லை. முடிவு ஏழு மாசம் முன்பே, கேலரி இல்லாத ஒரு அறையில், ஆகிவிட்டது.

நூறு ரூபாயில் எத்தனை?

சரி, பணமாவது நிறைய இருக்கிறதே, பதினோரு அடிக்கு ஏன் இந்தப் பாடு?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2025-26 பட்ஜெட்டில் வருவாய்க் கணக்கு மட்டும் ஐயாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. பிரமாதமாக இருக்கிறதல்லவா? அவசரப்படாதீர்கள். வரவுக் கணக்கில் சொத்து வரி, நம்ம தொழில் வரி, பத்திரப்பதிவில் வரும் பங்கு, மாநில அரசின் நிதிப் பகிர்வு என்று வருகிறது. செலவில் முதல் பந்தியில் உட்காருவது சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளும் செலவு, தெருவிளக்கின் கரண்ட் பில், பழைய கடனுக்கு வட்டி. இதையெல்லாம் எந்தக் கவுன்சிலரும் நிறுத்த முடியாது.

அடுத்தது, வரும்போதே கயிறு கட்டி வரும் பணம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில், பத்து லட்சம் ஜனத்தொகைக்கு உட்பட்ட நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று கட்டுப்பாடு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வரும் கால்வாய் என்றால் அந்தத் திட்டத்துக்கு வெளியே ஒரு செங்கல் வைக்க முடியாது. மாமனார் கொடுத்த பணம் மாதிரி. பைக் வாங்கத்தான் கொடுத்தார், பைக்தான் வாங்கணும்.

கவுன்சிலர் கைகாட்டிச் செலவு செய்யக்கூடியது எது? வார்டு மேம்பாட்டு நிதி. சென்னையில் 2025-26-ல் இதை 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். 200 வார்டு. பெருக்குங்கள், 120 கோடி. ஐயாயிரம் கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சொச்சம்! அந்த இரண்டு ரூபாய்க்குத்தான் தெருவுக்குத் தெரு இவ்வளவு அடிதடி.

மன்றமே இல்லாத காலம்

"டீ வாங்கித் திரும்பறதுக்குள்ள பாஸ் பண்ற மன்றம் இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" என்று எனக்கும் எரிச்சல் வந்தது. இல்லாமல் இருந்து பார்த்த ஊர் சென்னை. அதன் கதை கேளுங்கள்.

1688 செப்டம்பர் 29-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்து வைத்தது சென்னை மாநகராட்சி. இந்தியாவிலேயே பழசு. ஊர்ச் செலவுக்கு ஊர்க்காரர்களே வரி போட்டுக்கொள்ளட்டும் என்பது கம்பெனியின் கணக்கு. நம்மாட்கள் அப்போதே வரி என்றதும் முகம் சுளித்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஊறியது!

1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கே வராத ஆட்களின் பெயரை வருகைப் பட்டியலில் எழுதிக் கூலி எடுத்த விவகாரம். மன்றத்தையே கலைத்தார்கள். கலைத்தது சரி, மறுபடி தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல்! 23 வருஷம் தனி அதிகாரிகளின் ஆட்சி. கலைத்த அன்றைக்குப் பிறந்த குழந்தை வோட்டுரிமை வாங்கி, வேலைக்கும் போயிருக்கும்.

மறுபடியும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாடு பூராவும் நகர்ப்புறத்தில் கவுன்சிலரே கிடையாது. தீர்மானம் போடுவதும் அதிகாரி, அதை நிறைவேற்றுவதும் அதே அதிகாரி. வேலைகள் நடக்காமல் இல்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "ஏன் எங்க தெருவுல தண்ணி வரலை?" என்று கேட்க ஒரு வீடு இல்லை. மன்றத்தில் மேஜை தட்டுவதைவிட இந்தக் கதவு தட்டுவது முக்கியம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஜனங்களே லிஸ்ட் எழுதினால்?

அந்த ஆரம்பப் பட்டியலையே ஜனங்கள் எழுதினால் என்ன என்று யோசித்த ஊர்களும் உண்டு. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ல் ஆரம்பித்தார்கள். பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு, சாக்கடையா, சாலையா, பள்ளிக்கூடமா, எது முதலில் என்று ஜனங்களே வரிசைப்படுத்துவது. நம் நாட்டில் புனே மாநகராட்சி 2006-ல் அதைப் பிடித்துக்கொண்டது. பட்ஜெட்டுக்கு முன்னால் வார்டு ஆபீஸில் படிவம் கொடுப்பார்கள். நடைபாதை, விளக்கு, கழிப்பறை என்று சின்னச் சின்ன வேலைகளை ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

நமக்கும் ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, 'பகுதி சபை'. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. மூணு மாசத்துக்கு ஒரு தரமாவது கூட வேண்டும் என்பது விதி.

நான் முதல் தடவை போன கூட்டத்தில் இருந்த முக்கால்வாசிப் பேர் தாத்தாக்கள், பாட்டிகள். என் வயசில் இன்னொருத்தன் இருந்தான். மைக் செட்காரன்.

அக்காவின் நோட்டு

2024 நவம்பர். இந்தத் தடவை போன் போடவில்லை. நேராகக் கவுன்சிலர் வீட்டுக்கே போய், அந்த அம்மாவையே பார்க்கணும் என்றேன்.

"அவர்கிட்ட சொல்றீங்க, அவர் எங்கிட்ட சொல்ல மறந்துடறார். நேரா எங்கிட்ட சொன்னா ஆகாதா தம்பி?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய் ஒரு நீள நோட்டு எடுத்து வந்தார். தெருவுக்கு ஒரு பக்கம். தேதி போட்டு, கேட்டவர் பெயர் போட்டு, நீலப் பேனாவில்.

"மொத்தம் நாப்பது கேட்டிருக்காங்க. பணம் ஒம்போதுக்குத்தான் வரும். நீங்க படிச்சவர். இதுல எதை நிறுத்திட்டு உங்க பதினோரு அடியைப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

படித்தேன். அங்கன்வாடிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை. குடிசைப் பகுதி வளைவில் விளக்கு இல்லை, மில் வேலை முடிந்து வரும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு தெருவில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊழல், சோம்பல் என்று திட்டுவதற்கு நிறைய வார்த்தை வைத்திருந்தேன். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவரே வழி சொன்னார். "அடுத்த தெருவுக்குக் கால்வாய் எஸ்டிமேட் போடறாங்க. அது உங்க தெருக்கோடியிலதானே வந்து சேருது? அதுல சேக்கச் சொல்றேன். நீங்க ஏ.இ. அளக்கறப்ப கூட நில்லுங்க. அது முக்கியம்."

நின்றேன். டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். 'ரேஷன் கடை தாண்டி' என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

உங்கள் தெருவுக்கு...

நவம்பர், டிசம்பரில் போங்கள். மார்ச்சில் போனால் பட்ஜெட் புத்தகம்தான் கிடைக்கும்.

'சாலை மோசம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எங்கிருந்து எதுவரை, எத்தனை அடி என்று எழுதுங்கள்.

மனுவைப் புகார்ப் பிரிவில் கொடுங்கள். ஒரு காப்பி கவுன்சிலருக்கு, ஒரு காப்பி உதவிப் பொறியாளருக்கு.

அளக்க வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு கூட நில்லுங்கள். அரை நாள் லீவு போடுவதென்றால், மன்றக் கூட்டத்துக்குப் போடாதீர்கள், அன்றைக்குப் போடுங்கள்.

பகுதி சபை எப்போது என்று விசாரித்துப் போங்கள். மைக் செட்காரனுக்குத் துணையாக இருக்கும்.

208 ரூபாய்

2025 செப்டம்பரில், மழைக்கு முன்னால், மூடி போட்டார்கள். அதுவும் அறுபது பொருட்களோடு ஒரே மூச்சில்தான் பாஸாகியிருக்கும். நான் கேலரிக்குப் போகவில்லை.

முதல் நாள் இஸ்திரிக்கார அண்ணன் தன் வண்டியைத் தள்ளிவந்து மூடியின் மேலேயே நிறுத்தினார். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "கெட்டியாத்தான் போட்டிருக்கான்" என்றார். எட்டாவது போய்விட்ட அவர் மகன் சைக்கிளில் வந்தான். அந்த இடம் வந்ததும் இறங்கி, உருட்டிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறிப் போனான். இரண்டு வருஷப் பழக்கம்.

"டேய், மூடி போட்டாச்சுடா!" என்று அண்ணன் கத்தினார். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த மாசச் சம்பள ஸ்லிப்பை முழுசாகப் படித்தேன். பி.டி., 208 ரூபாய். முன்னெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாது. இப்போது ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த மூடியில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.